குடிலுக்குள் வந்த புள்ளிமான்

வாசகர் கேள்வி – பதில்

ஒளிவிழா அழைப்பிதழ்கள் வரத் தொடங்கும் காலத்தில் இப்பகுதிக்கு வரும் கடிதங்களும் நத்தாரை, அதாவது கிறிஸ்து பிறப்பு விழாவைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. இம்முறை வந்தவற்றுள் பல, நாம் ஆண்டுதோறும் வீட்டில் வைக்கும் குடில், மரம், நட்சத்திரம் ஆகியவற்றுள் எவை உண்மையிலேயே கிறிஸ்தவப் பொருள் கொண்டவை, எவை பின்னர் ஒட்டவைக்கப்பட்டவை என்று கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பாலன் குடிலில் பிள்ளைகள் மாடு, கழுதை, ஆடுகளோடு ஒரு புள்ளிமான் பொம்மையையும் வைத்துவிட்டார்கள். திருகோணமலைக் கோட்டையடியில் நாள்தோறும் மான்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் அவை. "வேதத்தில் இல்லாததைக் குடிலில் வைக்கக் கூடாது, எடுத்துவிடு" என்கிறார் மாமி. என்ன செய்வது? (உட்துறைமுக வீதி வாசகி)

பதில்: மாமியின் அளவுகோலைக் கண்டிப்பாகக் கைக்கொண்டால் மானுக்கு முன்னரே மாடும் கழுதையும் குடிலை விட்டு வெளியேற நேரிடும். மரியாள் குழந்தையைத் துணிகளில் சுற்றி முன்னணையில் (கால்நடைத் தீனித் தொட்டியில்) கிடத்தினாள் என்பதற்கு மேல் நற்செய்தி எழுதிய லூக்கா எதையும் கூறவில்லை. அங்கே எந்த விலங்கு நின்றது என்பது பற்றி அவரிடம் ஒரு சொல்லும் இல்லை. மத்தேயுவோ முன்னணையையே குறிப்பிடவில்லை. ஆடுகளும் இடையர்களோடு வயல்வெளியில் இருந்தவையே.

அப்படியானால் மாடும் கழுதையும் எங்கிருந்து வந்தன? பழைய ஏற்பாட்டில் ஏசாயாவின் முதலாம் அதிகாரம், மூன்றாம் வசனத்திலிருந்து வந்தன. மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், என் மக்களோ என்னை அறியவில்லை என்று கடவுள் மனம் நொந்து சொல்வதாக அவ்வசனம் அமைகிறது. வீட்டிலுள்ள பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்து இந்த வசனத்தையும் லூக்காவின் இரண்டாம் அதிகாரம், ஏழாம் வசனத்தையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் 'முன்னணை' என்ற அதே சொல் நிற்கிறது. ஆதித் திருச்சபையினர் படித்த கிரேக்க வேதத்திலும் இரண்டிடத்தும் ஒரே சொல்லே நின்றது. அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் மாடும் கழுதையும் பெத்லகேமுக்கு நடந்து வந்தன. 4ஆம் நூற்றாண்டின் கல்லறைப் பேழைச் சிற்பங்களிலேயே அவை குழந்தையின் இருபுறமும் நிற்கின்றன. வியப்பு என்னவெனில், அவற்றுள் சிலவற்றில் மரியாளும் சூசையப்பரும்கூட இல்லை, இவ்விரு விலங்குகள் மட்டுமே உள்ளன. நுகம் சுமக்கும் மாடு திருச்சட்டத்தைச் சுமந்த யூதரையும், தீட்டுள்ள விலங்காக எண்ணப்பட்ட கழுதை பிற இனத்தாரையும் குறிக்கும் என்று உரையாசிரியர்கள் பின்னர் விளக்கினார்கள்.

இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் 1223ஆம் ஆண்டு அசிசி நகர்த் துறவி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, உயிருள்ள ஒரு மாட்டையும் ஒரு கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, வைக்கோல் நிரப்பிய முன்னணையின் மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். நாம் இன்று வைக்கும் குடில்களின் நீண்ட மரபு அங்கிருந்தே பரவியது. முன்னணை என்பது தீனி வைக்கும் இடம். பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள். தீனி வைக்கும் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை உலகுக்கு உணவாகப் போகிறது என்பதைப் பிரசங்கம் செய்யாமலே அக்கிராமத்து மக்களுக்குக் காட்டிவிட்டார் பிரான்சிஸ். நம் பக்கத்துக் குடில்களில் தட்டிலே குரக்கனையோ நெல்லையோ முளைக்கவைத்துப் புல்தரையாக வைப்பதுண்டு. அழகுக்காகச் செய்வதுதான், ஆனால் அப்பத்தின் வீட்டுக்கு முன்னால் தானியம் முளைத்து நிற்பதை விடப் பொருத்தமான அலங்காரம் எனக்குத் தெரியவில்லை.

இனி மானின் கதைக்கு வருவோம். மான் நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவது போல என் ஆத்துமா உம்மை வாஞ்சிக்கிறது என்று 42ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அதனால் கிறிஸ்தவக் கலையில் மான், இறைவனைத் தேடும் உயிரின் அடையாளமாயிற்று. இத்தாலியின் ரவென்னா நகரில் காலா பிளசிடியாவின் பெயரால் வழங்கும் 5ஆம் நூற்றாண்டுக் கல்லறை மண்டபத்தின் சுவரில், நீரருந்த வரும் மான்களைப் பல வண்ணக் கற்சில்லுகள் பதித்து அமைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் புள்ளிமான் அழையா விருந்தாளி அன்று. அதன் வாய்க்கருகே ஒரு சிரட்டையில் நீர் வைத்து, முகத்தை முன்னணைப் பக்கம் திருப்பிவிடுங்கள். மாமியிடம் 42ஆம் சங்கீதத்தைப் பிள்ளைகளைக் கொண்டே வாசித்துக் காட்டச் செய்யுங்கள்.

கேள்வி: நான் சைவன், பாடசாலையில் ஒளிவிழாவுக்கு மாணவர்களோடு சேர்ந்து மூங்கிலில் நட்சத்திரம் கட்டுகிறேன். ஐந்து முனை வைப்பதா, வால் வைப்பதா என்பதில் மாணவரிடையே வாக்குவாதம். இதில் வேறொரு மதத்தவன் கைவைக்கலாமா என்ற கேள்வியையும் ஒருவர் எழுப்பினார். (சாம்பல்தீவு ஆசிரியர்)

பதில்: உங்கள் இரண்டாவது ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். நத்தார் அடையாளங்கள் அனைத்திலும் வெளியாருக்கு மிக உரியது நட்சத்திரந்தான். மத்தேயுவின் கதையில் அதைக் கண்டு புறப்பட்டவர்கள் யூதர் அல்லர். கிழக்கிலிருந்து வந்த, வான்குறி பார்க்கும் அந்நிய ஞானிகள். வேதத்தைக் கரைத்துக் குடித்த எருசலேமின் மறைநூல் அறிஞர்கள் பிறப்பிடம் பெத்லகேம் என்று சரியாக எடுத்துச் சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிட, வானத்தைப் பார்த்து வந்த பிற இனத்தவரே இறுதிவரை நடந்து சென்றார்கள். அந்த நட்சத்திரத்தைக் கட்டுவதற்கு ஒரு சைவ ஆசிரியரின் கை ஏற்றதன்று என்று சொல்ல மத்தேயுவே சம்மதிக்கமாட்டார்.

வாலைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. ஹாலியின் வால்வெள்ளி 1301ஆம் ஆண்டு ஐரோப்பாவில் காணப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளின் பின் இத்தாலிய ஓவியர் ஜொத்தோ, பாதுவா நகரின் சிற்றாலயத்தில் ஞானிகள் வணங்கும் காட்சியைத் தீட்டியபோது குடிலின் மேல் தீச்சுவாலை போன்ற வால்வெள்ளி ஒன்றை வரைந்தார். வாலுள்ள நட்சத்திரம் பலருடைய மனத்தில் நிலைபெற அவ்வகை ஓவியங்கள் பெரிதும் உதவின. முனைகளின் எண்ணிக்கைக்கும் விதி இல்லை. கட்டுவதற்கு இலகுவானது ஐந்து முனை. மழைக்காற்றில் முதலில் கிழிவது வால். முடிவை மாணவரிடமே விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஞானிகள் மூவர் என்றோ, அரசர் என்றோ மத்தேயு கூறவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகளைக் கொண்டே மூவர் என்று எண்ணினார்கள். அரசரும் ஒட்டகங்களும் பொன்னோடும் தூபத்தோடும் வருவதாகப் பாடும் ஏசாயா 60ஆம் அதிகாரத்திலிருந்து முடிகளும் ஒட்டகங்களும் வந்து சேர்ந்தன. அரசருக்குப் பொன், கடவுளுக்குத் தூபம், இறக்கப்போகும் மனிதனுக்கு உடலைப் பொதியும் வெள்ளைப்போளம் என்ற விளக்கம் 2ஆம் நூற்றாண்டில் இரனேயு என்ற ஆயரிடமே காணப்படுகிறது. பச்சைக் குழந்தைக்கு எதற்குத் தூபம் என்று மேல்நாட்டார் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. குழந்தையைக் குளிக்க வார்த்தவுடன் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் நம் பாட்டிமாருக்கு அக்கேள்வியே விளங்காது.

கேள்வி: எரேமியா 10ஆம் அதிகாரத்தில், காட்டில் மரத்தை வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து ஆணியால் அசையாமல் நிறுத்துகிறார்கள் என்று கண்டித்திருக்கிறது. அப்படியிருக்க நத்தார் மரம் வைப்பது விக்கிரக வழிபாடு அல்லவா? (அன்புவழிபுரம் வாசகர்)

பதில்: மேற்கோள் சரியானது, ஆனால் இரண்டு வசனங்களோடு நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வசனம், அவை பேசமாட்டாதவை, நடக்கமாட்டாததால் சுமக்கப்பட வேண்டியவை என்று தொடர்கிறது. பேசாததையும் நடக்காததையும் குற்றமாகச் சொல்ல வேண்டுமானால் பேசும், நடக்கும் என்று எவரேனும் நம்பியிருக்க வேண்டும். தச்சன் வாய்ச்சியால் செதுக்கி வெள்ளித் தகடும் பொன் தகடும் போர்த்திய உருவச்சிலையையே தீர்க்கதரிசி கண்டிக்கிறார். அவருடைய காலத்துக்கும் முதல் நத்தார் மரத்துக்கும் இடையில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் உள்ளன.

மரத்தின் கிறிஸ்தவப் பொருள் பலரும் எண்ணுவதைவிட ஆழமானது. பண்டைய நாட்காட்டியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அந்நாளில் ஏதேன் தோட்டத்துக் கதையை நாடகமாக நடிக்கும் வழக்கம் மத்திய கால ஜேர்மன் நாடுகளில் இருந்தது. நடுக்குளிரில் இலை உதிர்ந்த மரங்களிடையே பச்சையாக நின்ற ஊசியிலை மரத்தைக் கொண்டுவந்து அப்பிள் பழங்களைத் தொங்கவிட்டு, அதையே விலக்கப்பட்ட மரமாகக் காட்டினார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1605ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட குறிப்பொன்று, மக்கள் வீட்டுக்குள் மரத்தை நிறுத்திக் கடதாசி ரோசாக்கள், அப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், இனிப்புகள் ஆகியவற்றைத் தொங்கவிட்டதைக் கூறுகிறது. அப்பிளும் அப்பமும் ஒரே மரத்தில் தொங்கியதைக் கவனியுங்கள். நற்கருணை அப்பத்தை ஒத்த அப்பமும் சேர்ந்ததும், பாவத்துக்குக் காரணமான மரமும் மீட்பின் மரமாகிய சிலுவையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகின்றன. இன்று நாம் தொங்கவிடும் சிவப்புப் பளிங்கு உருண்டை அந்த அப்பிளின் வழித்தோன்றலே.

16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தர் லூதர்தான் முதன்முதலில் மரத்தில் மெழுகுதிரி ஏற்றினார் என்பதற்குச் சான்று இல்லை. 8ஆம் நூற்றாண்டின் போனிபாஸ் ஆயர் புறச்சமயத்தாரின் கருவாலி மரத்தை வெட்டியது வரலாறு, அதனடியிலிருந்து ஊசியிலைக் கன்று முளைத்தது பிற்காலக் கற்பனை. உரோமையின் புனித பேதுரு சதுக்கத்திலேயே 1982ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக மரம் நிறுத்தப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளலாம். மரம் வைக்காத கிறிஸ்தவர் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர். வைப்பவர் சவுக்கங்கிளையை வைத்தால் போதும். அதற்கு ஏன் பஞ்சை ஒட்டிப் பனி பெய்யச் செய்கிறோம் என்பதை மட்டும் நான் இன்றுவரை புரிந்துகொள்ளவில்லை.

கேள்வி: டிசம்பர் 25 உரோமரின் சூரியத் திருநாள் என்றும் திருச்சபை அதைக் கைப்பற்றிக்கொண்டது என்றும் படித்தேன். (உவர்மலை வாசகர்)

பதில்: அப்படியும் இருக்கலாம் என்ற அளவுக்கே சான்றுகள் இடமளிக்கின்றன. உரோமைப் பேரரசன் அவுரேலியன் 274ஆம் ஆண்டு வெல்லற்கரிய சூரியனுக்குக் கோயில் எடுப்பித்தது உண்மை. ஆனால் டிசம்பர் 25 சூரியனின் பிறந்த நாள் என்று கூறும் மிகப் பழைய ஆவணமும், அந்நாளையே கிறிஸ்துவின் பிறப்பு என்று கூறும் மிகப் பழைய ஆவணமும் ஒன்றே; 354ஆம் ஆண்டின் உரோமை நாட்குறிப்பேடுதான் அது. அதிலுள்ள கிறிஸ்தவப் பட்டியல் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு வழியும் உண்டு: கிறிஸ்து இறந்த நாளாகக் கருதப்பட்ட மார்ச் 25லேயே அவர் கருவிலும் உருவானார் என்று பண்டைக் கிறிஸ்தவர் எண்ணினார்கள், பண்டைத் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீனாரும் இதைக் குறிப்பிடுகிறார். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25.

தேதியின் பிறப்பு எப்படியாயினும் அதன் அடையாளம் ஒளியைச் சார்ந்தது. திருமுழுக்கு யோவானின் பிறந்த விழா ஜூன் 24. அதன் பின் வடநாடுகளில் பகல் சுருங்கும். நத்தாரின் பின் பகல் வளரும். "அவர் பெருக வேண்டும், நான் சிறுக வேண்டும்" என்று யோவான் சொன்னதைச் சூரியனே ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவதாக அகுஸ்தீனார் பிரசங்கித்தார். திருகோணமலையில் இருந்துகொண்டு இதை உணர்வது கடினம். லண்டனில் டிசம்பர் மாதத்துக் குறும்பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு, ஜூன் மாதத்துப் பகல் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். நமக்கோ இரண்டுக்குமிடையே ஏறத்தாழ ஒரு மணித்தியால வேறுபாடுதான். நமக்கு இருளாகத் தெரிவது வாடைக்காற்றோடு வரும் மழை இருட்டு. எனினும் மார்கழியைத் தேவர்களின் வைகறை என்று கொண்டு, சங்கொலியில் விழித்துத் திருவெம்பாவை பாடும் ஊருக்கு, இருள் முடியும் வேளையில் ஒளியை வரவேற்கும் எண்ணம் புதிதன்று.

கேள்வி: 'எக்ஸ்மஸ்' என்று எழுதுவது கிறிஸ்துவின் பெயரை வெட்டி எறிவதாகாதா? நத்தார் என்பதில் கிறிஸ்துவின் பெயரே இல்லையே? (பாலையூற்று வாசகி)

பதில்: அங்குள்ள 'எக்ஸ்' ஆங்கில எழுத்து அன்று. கிறிஸ்து என்ற பெயர் கிரேக்க மொழியில் குறுக்காகக் கீறிய இரு கோடுகள் போன்ற 'கீ' என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் துறவிகள் வேதத்தைப் படியெடுக்கும்போது அப்பெயரை அவ்வாறு சுருக்கி எழுதினார்கள். பெயரை வெட்டியவர்கள் அல்லர், மரியாதையோடு சுருக்கியவர்கள். இன்று விளம்பரப் பலகைக்காரர் அதை அறிந்தா எழுதுகிறார் என்பது வேறு விடயம்.

நத்தார் என்பது போர்த்துக்கேயரின் 'நதால்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிறப்பு என்று பொருள். அச்சொல்லைக் கொண்டுவந்தவர்களின் நாட்டினரே 1622ஆம் ஆண்டு கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். சொல் இனிமையானது, அதைக் கொண்டுவந்த கப்பல்களின் வரலாறு இனிமையானதன்று. இரண்டையும் தெரிந்துகொண்டே அச்சொல்லை வழங்குகிறோம்.

கேள்வி: நான் விடுதியொன்றில் பணிபுரிகிறேன். மரத்தில் தொங்கவிடும் வளைந்த கோல் மிட்டாய் இயேசுவின் பெயரின் முதலெழுத்து, வெள்ளை தூய்மை, சிவப்பு இரத்தம் என்று வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் சொன்னார். உண்மையா? (நிலாவெளி வாசகர்)

பதில்: இல்லை. சிவப்புக் கோடு அம்மிட்டாயில் ஏறியது 1900ஆம் ஆண்டளவில். அதற்கு முந்திய படங்களில் அது வெறும் வெள்ளை. விளக்கம் அதற்கும் பிந்தியது. மேலும் இயேசுவின் பெயர் 'ஜே' என்ற எழுத்தில் தொடங்குவது ஆங்கிலம் போன்ற சில மொழிகளில் மட்டுமே. தமிழில் அது 'இ', கிரேக்கத்தில் நேர்க்கோடு. சில மொழிகளில் மட்டும் வேலை செய்யும் அடையாளத்தைக் கண்டால் சற்றுச் சந்தேகிக்கலாம். இடையரின் கோல் என்று சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் மகிழ்வார்கள். வரலாறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: திருவருகைக்கால வளையத்தில் மூன்று மெழுகுதிரிகள் ஊதாவாகவும் ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாகவும் இருப்பது ஏன்? (மூதூர் வாசகி)

பதில்: நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக்காலத்தில், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் திரிகள் இவை. ஊதா, தவக்காலத்தைப் போலவே ஆயத்தத்தின் நிறம். மூன்றாம் ஞாயிறன்று திருப்பலி 'மகிழுங்கள்' என்ற பவுலின் சொல்லோடு தொடங்குவதால், அன்று மட்டும் அந்நிறம் இளகி இளஞ்சிவப்பாகிறது.

வளையத்தின் தொடக்கம் கத்தோலிக்கரிடம் இல்லை. ஹாம்பேர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விகர்ன் என்ற லூத்தரன் போதகர், "நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று ஓயாமல் கேட்ட சிறுவர்களுக்காக 1839ஆம் ஆண்டு ஒரு வண்டிச்சில்லில் கிழமை நாட்களுக்கு 20 சிறிய சிவப்புத் திரிகளையும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகளையும் பொருத்தினார். தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டம் இறைவனின் நித்தியத்தைக் குறிக்கும் என்பது போன்ற விளக்கங்கள் பின்னர் வந்தன. முதலில் அது எண்ணத் தெரிந்த பிள்ளைகளுக்கான நாட்காட்டிதான். காத்திருப்பதை எண்ணிக் காட்டுவதே அதன் முழுப் பொருளும் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: குடிலை எப்போது கலைக்க வேண்டும்? புத்தாண்டோடு எடுத்துவிடலாமா? (சீனக்குடா வாசகர்)

பதில்: புத்தாண்டன்று எடுத்தால் ஞானிகள் வந்து சேர்வதற்குள் வீட்டைப் பூட்டியதாகிவிடும். அவர்களுடைய விழா ஜனவரி 6. இன்றைய கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கில் நத்தார் காலம் அதையடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு நிறைவுறுகிறது. பழைய வழக்கத்தைப் பின்பற்றுவோர் நாற்பதாம் நாளாகிய பெப்ரவரி 2 வரை வைத்திருப்பார்கள். குழந்தையைக் கோயிலில் கையிலேந்திய முதியவர் சிமியோன், பிற இனத்தாருக்கு ஒளி என்று பாடியதை நினைத்து மெழுகுதிரிகளை மந்திரிக்கும் நாள் அது. இடையில் தைப்பொங்கல் வரும். பொங்கற்பானை முற்றத்தில் இருக்கக் குடில் விறாந்தையில் இருப்பதில் எவருக்கும் இடைஞ்சல் இல்லை.

எடுக்கும்போது சுரூபங்களைத் துடைத்துக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வைக்கோலை மட்டும் சேர்த்து வைக்க வேண்டாம். மாரியில் ஈரம் ஏறிய வைக்கோல் பூச்சி பிடித்துச் சுரூபங்களின் வண்ணத்தையும் கெடுத்துவிடும். அடுத்த வீட்டு மாட்டுக்குப் போட்டுவிடுங்கள்.